எருமை நுழையாத சதுப்பு

அண்ணனைத் துரத்திவிட்டுப் பறவையைக் காப்பாற்றியவள் என்று அவளுக்கு ஊரில் ஒரு பெயர் உண்டு. அதில் பாதி உண்மை. அண்ணனைத் துரத்தியது உண்மை.

மீதிப் பாதி என்னவாயிற்று என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்றுதான் மூன்று வருஷமாக அவள் பயந்துகொண்டிருந்தாள். ஒருத்தரும் கேட்கவில்லை. ஊர் என்றைக்கு மீதியைக் கேட்டது? பெயர் வைத்ததோடு அதன் வேலை முடிந்துவிடும். அப்புறம் அந்தப் பெயரைச் சுமக்கிறவள் பாடு.

அவள் சதுப்புநிலச் சரணாலயத்தின் காப்பாளர். ஒரு பக்கம் நெடுஞ்சாலை, இன்னொரு பக்கம் தகரக் கூரை போட்ட கிடங்குகள், நடுவே ஏரி என்றும் சொல்ல முடியாமல் நிலம் என்றும் சொல்ல முடியாமல் தண்ணீரும் சேறும் கோரையுமாகக் கிடக்கிற இடம் அது. காரில் போகிறவன் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போவான். ஆனால் உலகத்தில் விரல் விட்டு எண்ணக்கூடிய இடங்களில் மட்டும் முட்டையிடுகிற ஒரு பறவை அங்கே வந்தது. வெண்புருவ ஆள்காட்டி. புறா அளவு இருக்கும். நெட்டைக் கால், கண்ணுக்கு மேலே சுண்ணாம்பு இழுத்த மாதிரி ஒரு வெள்ளைக் கோடு. மரத்தில் உட்காராது, கூடும் கட்டாது. வெறும் தரையில் முட்டையை வைத்துவிட்டு, பக்கத்தில் யார் வந்தாலும் தலைக்கு மேலே சுற்றிக் கத்தி ஊரைக் கூட்டும். மழை ஓய்ந்து சேறு இறுகுகிற பருவத்தில் வரும், குஞ்சு பறக்கப் பழகியதும் போய்விடும். அதற்காகத்தான் அரசாங்கம் வேலி போட்டது. அதற்காகத்தான் அவளுக்கு வேலை, யூனிஃபார்ம், கேட்டுக்குப் பக்கத்தில் இரண்டு அறை வீடு எல்லாம்.

அரசாங்கம் அங்கே வருவதற்கு எவ்வளவோ காலம் முன்னாலேயே எருமைகள் வந்திருந்தன. இருந்ததிலேயே பெரிய மந்தை அவள் அப்பாவுடையது. அப்பா போன பிறகு அண்ணனுடையது. காலையில் ஓட்டிப் போவான், வெயில் சாயத் திரும்புவான், கறந்த பாலை வீடு வீடாக ஊற்றுவான். அந்தப் பாலில்தான் அவள் படித்தாள். இந்தப் பேச்சை யாராவது எடுத்தால் இப்போதும் அவளுக்கு மூஞ்சி சுருங்கும். எடுக்காதவர்கள் ஊரில் யார் இருக்கிறார்கள்?

அவள் ஒரு நாள்கூட மந்தையோடு சதுப்புக்குள் போனதில்லை. “நீ படி. இந்த நாத்தம் என்னோட போகட்டும்” என்று அண்ணன் விடவில்லை. அவளும் ஒன்றும் அழுது அடம்பிடிக்கவில்லை. வகுப்பில் பக்கத்தில் உட்காருகிறவள் மூக்கைப் பொத்திக்கொண்டு நகர்ந்து உட்காருவாள். பின்னாலிருந்து “எருமைக்காரி” என்று ஒரு குரல் வரும். அதனால் தினமும் இரண்டு தடவை சோப்புப் போட்டுக் குளித்துவிட்டுப் போவாள், அப்படியும் அந்தக் குரல் நிற்கவில்லை. காட்டுயிர்ப் படிப்பை வெளியூரில் முடித்தாள். வெண்புருவ ஆள்காட்டியை முதலில் புத்தகத்தில் பார்த்தாள், அப்புறம் பைனாகுலரில் பார்த்தாள். பிறந்த ஊருக்கே காப்பாளராக மாற்றல் வந்தபோது, யூனிஃபார்மை மடிப்புக் கலையாமல் இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு வந்து இறங்கினாள்.

வந்ததும் பெரிய அதிகாரி கூப்பிட்டார். ரொம்ப நல்ல மனுஷன், யார் மனசும் நோகக் கூடாது அவருக்கு. அதனாலேயே எந்த முடிவையும் அவர் எடுக்க மாட்டார்.

“மேடம், பழைய மேய்ச்சல்காரங்க கொஞ்சம் பேர் இருக்காங்க. அவங்களை விடலாமா, கூடாதான்னு நீங்க பார்த்துச் சொல்லுங்க. உங்க ஊரு. உங்களுக்குத் தெரியாததா?”

தெரியாததுதான். ஆனால் தெரியாது என்று சொல்கிற பழக்கம் அவளுக்குக் கிடையாது. முட்டை தரையில் இருக்கிறது, எருமைக்கு நாலு கால் இருக்கிறது, இதில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று நினைத்தாள். “விடவே கூடாது சார்” என்றாள். சொந்த அண்ணனை விட்டுவிட்டு மற்றவனைத் தடுத்தால் எவன் மதிப்பான்? ஆகவே முதல் பூட்டே அண்ணனுக்கு என்று முடிவு செய்தாள். நியாயம் என்று இதற்குப் பெயர் வைத்துக்கொண்டாள். வகுப்பில் மூக்கைப் பொத்தியவள் இதைப் பார்க்க வேண்டும் என்று உள்ளுக்குள் ஒரு மூலையில் இருந்ததே, அதற்கு என்ன பெயர் வைத்தாளோ தெரியாது.

அண்ணன் வழக்கம்போல மந்தையோடு வந்து கேட்டில் நின்றான். முன்னால் மூளி. ஒரு காது பாதி கிழிந்துபோன கிழட்டு எருமை, அது நடந்தால் மற்றதெல்லாம் பின்னால் நடக்கும்.

“என்னம்மா, பூட்டியிருக்கு?”

“இனிமே உள்ள மேய்க்க முடியாதுண்ணா. அபூர்வமான ஒரு பறவை முட்டை வைக்கிற இடம். உத்தரவு.”

“யாரு போட்ட உத்தரவு?”

மேலிடம் என்று கையை மேலே காட்டித் தப்பித்திருக்கலாம். கர்வம் விட்டால்தானே! “நான் போட்டதுதான்” என்றாள்.

அண்ணன் மூளியின் கழுத்தைத் தடவினான். “சரி, முட்டை வைக்கிற மாசம் ஓட்டல. மத்த நாள்ல விடு. இதுங்களுக்கு வேற எங்க புல்லு இருக்கு?”

“உனக்கு விட்டா எல்லாருக்கும் விடணும்.”

“நான் எல்லாருமாடி?”

“இங்க நான் உன் தங்கச்சி இல்லண்ணா. காப்பாளர்.”

அந்த வாக்கியத்தை முந்தின நாளே கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்திருந்தாள், அடப் பாவி! சொன்னபோது மிடுக்காகத்தான் இருந்தது. அண்ணன் மந்தையைத் திருப்பினான்.

எருமைக்கு உத்தரவு தெரியுமா? மறுநாள் மூளி வேலியை முட்டிச் சாய்த்துக்கொண்டு உள்ளே போனது, பின்னாலேயே மற்றதெல்லாம் போயின. அவள் ஆள் விட்டுப் பிடித்து, அத்தனையையும் நகராட்சிப் பட்டியில் அடைத்தாள். அண்ணன் மீட்கப் போனபோது அவை கட்டாந்தரையில் தண்ணீர் இல்லாமல் நின்றுகொண்டிருந்தன. அவன் சண்டைக்கு வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அந்த மாதமே மொத்த மந்தையையும் விற்றுவிட்டான். மூளியைப் பாலுக்கு யாரும் வாங்கவில்லை. வேறு எதற்கு வாங்கினார்கள் என்பதை அண்ணி சொல்லித்தான் அவளுக்குத் தெரியும். அதையும் நடுத் தெருவில் நிற்க வைத்து, நாலு பேர் காதில் விழும்படி சொன்னாள்.

அதோடு அந்த வீட்டுப் படி ஏறுவது நின்றது.

எருமை போனதும் புல் வந்தது. என்ன புல்! முழங்கால் அளவு, இடுப்பளவு, அப்புறம் ஆள் உள்ளே போனால் தலை தெரியாத அளவு. பச்சைப் பசேல் என்று சதுப்பு முழுக்கக் காற்றில் அலையடித்தது. அதிகாரிக்குத் தலைகால் புரியவில்லை. “என் சர்வீஸ்ல இப்படிப் பார்த்ததில்ல மேடம்” என்று அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார். புல்லுக்கு நடுவே அவள் கைகட்டி நிற்கிற படம் செய்தித்தாளில் வந்தது. கேட்டில் பறவையின் படம் போட்டுப் பெரிய பலகை வைத்தார்கள்.

அந்த வருஷம் பறவைகள் வந்தன. சுற்றிச் சுற்றிப் பறந்தன, கத்தின, இறங்காமல் போய்விட்டன. மழை தவறிவிட்டது, அதனால்தான் என்று அவள் சொல்லிக்கொண்டாள். அடுத்த வருஷம் கொஞ்சமாக வந்தன, அவையும் இறங்கவில்லை. நெடுஞ்சாலைச் சத்தம் என்றாள். பார்க்க வருகிறவர்களிடம் “உள்ள இருக்கு, கூச்சப்படும், கண்ணுல படாது” என்று சொல்லி அனுப்பினாள். சரணாலயத்துக்குக் காப்பாளராக வந்தவள் புளுகுக்கும் காப்பாளரானாள்.

மூன்றாவது வருஷம் மழை ஓய்ந்த சமயத்தில் ஒரு ஆராய்ச்சிக்காரி வந்தாள். அவளைவிட வயதில் சின்னவள், முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், எதைப் பார்த்தாலும் சிரித்த முகம். இரண்டு பேரும் புல்லை விலக்கிக்கொண்டு உள்ளே போனார்கள். வானத்தில் ஒரே ஒரு ஜோடி சுற்றிக்கொண்டிருந்தது. ஆராய்ச்சிக்காரி குனிந்து புல்லின் அடியைக் கையால் பிரித்துத் தரையைப் பார்த்தாள்.

“மேடம், இங்க முன்னாடி ஏதாவது மேயுமா?”

“எருமைங்க மேஞ்சுது. நான் வந்துதான் நிறுத்தினேன்.” இதைச் சொல்லும்போது இன்னும் கொஞ்சம் பெருமை மிச்சம் இருந்தது.

“நிறுத்தி எவ்வளவு நாளாச்சு?”

“மூணு வருஷம்.”

“பறவை முட்டை வைக்கிறது எப்போலேருந்து நின்னுச்சு?”

அவள் புல்லைப் பார்த்தாள். கேள்வி அவ்வளவுதான். இதை அவள் தன்னையே கேட்டிருக்க மூன்று வருஷம் இருந்தது.

ஆராய்ச்சிக்காரி குற்றம் சொல்கிற ஆள் இல்லை, பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னாள். இந்தப் பறவைக்கு வெட்டவெளி வேண்டும், நாய் நரி வந்தால் தூரத்திலேயே தெரிய வேண்டும். ஈரச் சேற்றில் குளம்பு பதிந்து, அது காய்ந்து குழியானால், அந்தக் குழியில்தான் முட்டை வைக்கும். குஞ்சுக்குச் சாணியில் வருகிற பூச்சிதான் தீனி. இந்தப் புல்லுக்குள் குஞ்சு ஒரு அடி நடக்க முடியாது. “சில முட்டை மிதிபடும், இல்லேன்னு சொல்லல. ஆனா மிச்சமாவது பிழைக்கும். நீங்க வருத்தப்படாதீங்க மேடம், நிறைய இடத்துல இதே தப்பைச் செஞ்சிருக்காங்க.”

நிறைய இடத்தில் செய்தார்களாம். நிறைய இடத்தில் அண்ணன் இருந்தானா?

“இந்த ஜோடி?” என்று கேட்டாள்.

“இடம் தெரிஞ்ச கடைசி ஜோடியா இருக்கும்னு தோணுது. இதுங்களும் வராம நின்னுட்டா, மத்ததுங்களுக்கு வழி காட்ட வேற இல்ல. சேறு இறுகறதுக்குள்ள எருமை இறங்கி மிதிச்சாத்தான் உண்டு.”

அதிகாரியிடம் போய்ச் சொன்னாள். அவர் எருமை என்ற வார்த்தையைக் கேட்டதுமே பயந்துபோய், முதலில் புல் வெட்டுகிற எந்திரம் ஒன்றை அனுப்பினார். எந்திரம் ஆர்ப்பாட்டமாகப் புறப்பட்டு, கேட்டைத் தாண்டிக் கொஞ்ச தூரத்திலேயே அச்சு வரை புதைந்து, தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. அதை இழுக்க இன்னொரு எந்திரம் வந்தது. அதுவும் புதையப் பார்த்தது. அப்புறம் அதிகாரி வேறு வழியில்லாமல் ஒரு பெரிய பால் பண்ணையில் பேசினார். பால் வற்றிய எருமைகளைக் கொஞ்ச காலத்துக்கு அனுப்ப அவர்கள் ஒத்துக்கொண்டார்கள்.

“சேத்துல எருமை மேய்க்கத் தெரிஞ்ச ஆள் வேணுமே மேடம். உங்களுக்கு யாரையாவது தெரியுமா?” என்றார் அந்த நல்ல மனுஷன். கிண்டலாகக்கூடக் கேட்கவில்லை. நிஜமாகவே மறந்துபோயிருந்தார்.

அண்ணன் வீடு கிடங்குகளுக்குப் பின்னால் இருந்த தெருவில் இருந்தது. எருமை கட்டிய கொட்டகையில் இப்போது யாரோ மோட்டார் சைக்கிள் பழுது பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாணி வாடை போய் எண்ணெய் வாடை வந்திருந்தது. சுவரில் கயிறு கட்டிய வளையங்கள் அப்படியே இருந்தன, ஒன்றில் பழைய டயர் தொங்கியது. அவள் வாசலில் செருப்பைக் கழற்றினாள், மறுபடி போட்டுக்கொண்டாள், மறுபடி கழற்றினாள்.

அண்ணி உள்ளே மேஜை மேல் துணி விரித்து அண்ணனின் யூனிஃபார்ம் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். பெரிய கடை ஒன்றின் வண்டி நிறுத்துமிடத்தில் அண்ணனுக்கு வேலை. விசில் ஊதி, வருகிற காரை இங்கே நிறுத்து, அங்கே நிறுத்து என்று கை காட்டுகிற வேலை.

“வாங்க மேடம்” என்றாள் அண்ணி, தலையை நிமிர்த்தாமல். “வழி தெரிஞ்சுதா?”

“அண்ணி...”

“உக்காருங்க. இப்போ நாத்தம் ஒண்ணும் இல்ல. பயப்படாம உக்காரலாம்.”

அவள் உட்கார்ந்தாள். அண்ணன் முகம் துடைத்துக்கொண்டே பின்கட்டிலிருந்து வந்தான். இளைத்திருந்தான். கழுத்தில் கயிற்றில் விசில் தொங்கியது. எதிரில் உட்காராமல் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டு, “சொல்லு” என்றான்.

வழியெல்லாம் சுற்றி வளைத்துப் பேசத் தயார் செய்துகொண்டு வந்தது மறந்துபோயிற்று. “எருமை வேணும்ணா” என்றாள்.

இஸ்திரிப் பெட்டி நின்றது.

“என்ன வேணும்?”

“எருமை. உள்ள இறங்கி மேயணும், மிதிக்கணும். இல்லேன்னா பறவை முட்டை வைக்காதாம். பண்ணையிலேருந்து எருமை வருது. ஓட்டறதுக்கு நீ வரணும்.”

அண்ணி பொரிந்து தள்ளிவிட்டாள். “ஏம்மா, உனக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கா, இல்ல எங்களைப் பார்த்தா பைத்தியம் மாதிரி இருக்கா? வீட்டு லட்சுமியை ஓட்டற மாதிரி ஒண்ணொண்ணா ஓட்டிவிட்டு, அதுங்க போன அன்னிக்கு இந்த மனுஷன் கொட்டகையில போய்ப் படுத்துக்கிட்டாரு, தெரியுமா உனக்கு? கூப்பிட்டாக்கூட வரல. எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு இங்க வந்தே?”

“இந்த மூஞ்சியைத்தான் அண்ணி. வேற இல்ல.”

அண்ணன் திடீரென்று சிரித்தான். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க நேரம் பிடித்தது. “பறவைக்காக எருமை போகணும்னே. போச்சு. இப்போ பறவைக்காக எருமை வரணும்ங்கற. அந்தப் பறவைக்கு வேற வேலையே இல்லையா?”

“தப்புப் பண்ணிட்டேண்ணா. தெரியாம பண்ணிட்டேன்.”

“தெரியாததை ஏம்மா அவ்வளவு திமிரா பண்ணினே?”

அவளுக்கு அழுகை வந்தது, அண்ணி பார்க்கிறாளே என்று அடக்கிக்கொண்டாள். அடக்க முடியாமல் கொஞ்சம் வந்துவிட்டது. யாரும் துடைக்க வரவில்லை. பக்கத்துக் கொட்டகையில் யாரோ வண்டியை முறுக்கி முறுக்கிப் பார்த்தார்கள்.

சத்தம் நின்றதும் அண்ணன் கேட்டான். “கறவையா, வத்தினதா?”

“வத்தினது.”

“நடக்கற எருமைதானே?”

“எருமைதாண்ணா. நடக்காமலா இருக்கும்?”

“போறேன்னு மட்டும் சொல்லிடாதீங்க” என்றாள் அண்ணி. “கடையில லீவு கேட்டா அப்படியே போயிடுன்னு சொல்லிடுவான். ஏற்கெனவே ஒரு தடவை சொல்லிட்டான்.”

அண்ணன் கழுத்திலிருந்து விசிலைக் கழற்றி, இஸ்திரி போட்ட சட்டை மேல் வைத்தான். “உனக்காகன்னு நினைச்சுக்காதே” என்று தங்கச்சியிடம் சொன்னான். “எருமை முதுகுல கை வச்சு ரொம்ப நாளாச்சு. அவ்வளவுதான்.”

அவளுக்கு அது போதும். வீடு திரும்பும்போது, அவன் திட்டும்போதுகூட “ஏம்மா” என்று கூப்பிட்டதை நினைத்து நினைத்து நடந்தாள். இந்தப் பருவம் பறவை இறங்கிவிட்டால், அண்ணனும் ஒருவேளை ஒரு நாள் கேட்டுக்குள் வந்து அவள் வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடிப்பான் என்று தோன்றியது. ஆசைக்கு என்ன, அது பாட்டுக்கு வரும்.

லாரி கிடங்குப் பக்கத்துப் பின்வாசல் வழியாக வந்தது. அந்தக் காலையில் அண்ணன் அவளுக்கு முன்னாலேயே அங்கே நின்றுகொண்டிருந்தான். பழைய அரைக்கால் சட்டை, தோளில் பழைய கயிறு. முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது, அதை அவளுக்குக் காட்டக் கூடாது என்று வேறு பக்கம் பார்த்துக்கொண்டான். அதிகாரியும் கேமராவோடு வந்திருந்தார். ஜோடிப் பறவை காலையிலிருந்தே வெகு உயரத்தில் சுற்றிக்கொண்டிருந்தது.

லாரியின் பின்பலகையை இறக்கினார்கள். எருமைகள் ஒவ்வொன்றாகச் சரிவில் இறங்கின. நல்ல கொழுத்த எருமைகள், உடம்பெல்லாம் பளபளவென்று இருந்தன. அண்ணன் அவற்றின் உடம்பைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தான். குளம்புகள் தேயாமல் நீண்டு வளைந்திருந்தன. அவன் முகத்திலிருந்த வெளிச்சம் அப்போதே போய்விட்டது.

“இதுங்க எங்க வளர்ந்துச்சு?” என்று லாரிக்காரரைக் கேட்டான்.

“ஷெட்டுலதான். பிறந்ததுலேருந்து சிமெண்ட்டுத் தரை, மூட்டைத் தீவனம். வெளியில விடறதே இல்ல, சீக்கு வந்துடும்னு.”

அண்ணன் சேற்றுக்குள் இறங்கினான். கொஞ்ச தூரம் போய்த் திரும்பி நின்று, நாக்கை மடித்துப் பழைய மாதிரி குரல் கொடுத்தான். சின்ன வயதில் அந்தக் குரல் தெருமுனையில் கேட்டால் அவள் வீட்டுக்குள் ஓடி ஒளிவாள். அந்தக் குரலுக்கு ஒரு காலத்தில் சதுப்பின் மறுகரையிலிருந்து எருமைகள் தலை தூக்கும். இவை தூக்கவில்லை. ஜல்லி போட்ட பாதையில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நின்றன. மழை பெய்தால் எருமைக்கு உறைக்காது என்று ஊரில் கேலி பேசுவார்கள். இந்த எருமைகளுக்குக் காற்று அடித்ததே உறைத்தது. புல் அசைந்தால் பின்னால் போயின.

அண்ணன் கரையேறி, கை நிறையப் புல் பறித்து ஒன்றின் வாயருகே நீட்டினான். அது முகர்ந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு லாரியைப் பார்த்துக் கத்தியது. அது கத்தியதும் எல்லாம் லாரியைப் பார்த்துக் கத்தின.

“தீவன நேரம்” என்றார் லாரிக்காரர், தப்பு தன் மேல் இருப்பதுபோல.

இருந்தும் அவன் விடவில்லை. கெஞ்சினான், தட்டிக்கொடுத்தான், கழுத்தைக் கட்டிக்கொண்டு காதில் ஏதோ சொன்னான், கடைசியில் வாய்க்கு வந்தபடி திட்டினான். ஒன்றே ஒன்று மட்டும் அவனோடு இறங்கியது. நாலு எட்டு வைத்தது. கால் புதைந்ததும் மிரண்டு துள்ளியது, துள்ளத் துள்ள இன்னும் புதைந்தது, வயிறு வரை போய்க் கண்ணை உருட்டிக்கொண்டு அலறியது. அண்ணன், அவள், லாரிக்காரர், அதிகாரிகூடக் கேமராவைக் கழற்றி வைத்துவிட்டு, எல்லாரும் இறங்கிக் கயிறு போட்டு இழுத்தார்கள். கரையேறியதும் அந்த எருமை நடுங்கிக்கொண்டே சரிவில் ஓடி, லாரிக்குள் தானாக ஏறிக்கொண்டது. மற்றவற்றை ஏற்றுவதற்குக் கஷ்டமே இருக்கவில்லை.

“பார்த்தீங்களா மேடம், எருமை சரிப்படாது” என்றார் அதிகாரி, சேற்றைத் துடைத்துக்கொண்டே. “நீங்க அன்னிக்கே சரியாத்தான் சொன்னீங்க.” அதைச் சொல்லி ஆறுதல் படுத்துவதாக அவருக்கு நினைப்பு. லாரிக்குப் பின்னாலேயே அவரும் போய்விட்டார்.

அண்ணனும் தங்கச்சியும் மட்டும் கரையில் நின்றார்கள். இருவருக்கும் இடுப்பு வரை சேறு. எருமை துள்ளி, மனிதர்கள் மிதித்து, புல் நசுங்கிச் சேற்றோடு கறுத்துப்போன ஒரு சின்ன இடம் முன்னால் கிடந்தது. மேலே சுற்றிக்கொண்டிருந்த ஜோடியில் ஒன்று வட்டத்தைக் குறுக்கியது, இன்னும் குறுக்கியது, சடாரென்று அந்தக் கறுப்புத் தரையில் வந்து இறங்கியது. மூன்று வருஷத்தில் முதல் தடவை.

அவள் அண்ணன் கையைப் பிடித்தாள், அவன் உதறவில்லை. “அண்ணா, அதோ, அதோ பாரு. அதுதான்” என்று கிசுகிசுத்தாள்.

“எதுடி?”

“அந்த வெள்ளைப் புருவம். அதுக்காகத்தாண்ணா எல்லாம்.”

அண்ணன் பார்த்தான். பறவை தலையை முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டு குளம்புத் தடத்தின் ஓரமாக நடந்தது. அவன் அதைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், மறுபடி அதைப் பார்த்தான்.

“இதுவா?”

“ம்.”

“இது சாணிக்கோழிடி.”

அவளுக்குப் புரியவில்லை.

“சாணிக்கோழி. எங்க எருமைங்க கூடவே திரியுமே இது. மூளி படுத்திருந்தா அவ வயித்துக்கிட்ட வந்து நிக்கும். முட்டை கிடந்தா கத்திக் கத்தி உயிரை வாங்கும், எருமைங்க ஒதுங்கிப் போகும். நானே எத்தனையோ நாள் இதுகிட்டத் திட்டு வாங்கிக்கிட்டு வேற பக்கம் உட்கார்ந்து சோறு தின்னிருக்கேன்.” அவன் குரல் உயரவே இல்லை. “இதுக்காகவா எங்களைத் துரத்தினே?”

“ஆமாண்ணா.”

கேட்டில் பலகை வைத்தது அவன் போன பிறகு. அப்புறம் கேட்டுப் பக்கமே அவன் வந்ததில்லை. செய்தித்தாளில் வந்தது அவள் படம். மூன்று வருஷமாக, காருக்குக் கை காட்டிக்கொண்டு வெயிலில் நிற்கும்போதெல்லாம், கடல் தாண்டி எங்கிருந்தோ வருகிற, கண்ணைப் பறிக்கிற நிறத்தில், தான் ஜென்மத்தில் பார்த்திராத ஏதோ ஒரு பறவையைத்தான் அவன் நினைத்துக்கொண்டிருந்தான். அப்படி ஒன்றுக்காகத்தான் மூளி போயிற்று, போகட்டும் என்று மனசைத் தேற்றி வைத்திருந்தான்.

“இப்படி ஒரு பறவை இருக்கு, நீ பார்த்திருக்கியாண்ணான்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேடி” என்றான். “ஒரே ஒரு வார்த்தை.”

பறவை அந்தக் கறுப்பு இடத்தை ஒரு சுற்று நடந்தது. எந்தப் பக்கம் போனாலும் ஆள் உயரப் புல் வந்து மறித்தது. கத்திக்கொண்டே எழும்பியது. மேலே காத்திருந்த துணையோடு சேர்ந்து கிடங்குக் கூரைகளைத் தாண்டிப் போயிற்று. அவள் பைனாகுலரை எடுத்துக் கடைசி வரை பார்த்தாள்.

அண்ணன் கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு நடக்க ஆரம்பித்தான். கடையில் அவன் இடத்துக்கு இந்நேரம் வேறு ஆள் வந்திருப்பான், வீட்டில் அண்ணி வாயைத் திறந்து வைத்துக் காத்திருப்பாள்.

“அண்ணா” என்று கூப்பிட்டாள். “அது எங்க முட்டை வைக்கும்? எந்தப் பக்கம் அதிகமா வைக்கும்?”

அவன் நின்றான். திரும்பவில்லை.

“எங்க எருமை எங்க படுக்குமோ அங்க” என்றான்.

அது எந்த இடம் என்று அவளுக்குத் தெரியாது. அவன் காட்டாமலேயே போய்விட்டான்.